மின்னியின் மின்னல் பாய்ச்சல்

ஒரு காட்டில் மின்னி என்ற காட்டுப்பூனையும் தவிட்டி என்ற கீரியும் இருந்தன. இரண்டுமே அம்மாக்கள். மின்னிக்கு மூன்று குட்டிகள், இன்னும் சரியாகக் கண் திறக்காதவை. தவிட்டிக்கு இந்த வருஷம் பிறந்தவை இரண்டு.

ஐப்பசி மழை வந்தால் அந்தக் காட்டின் குளம் கரை தாண்டிவிடும். தரையில் இருக்கும் வளைகள் எல்லாம் முழுகிவிடும். பக்கத்தில் தண்ணீர் ஏறாத இடம் ஒன்றே ஒன்றுதான், குளக்கரைப் பாறையில் இருந்த ஒரு சின்னக் குகை. அதில் ஒரு குடும்பம்தான் படுக்க முடியும். மற்ற அம்மாக்கள் தூரத்து மேட்டுக்குப் போக வேண்டும். குட்டிகளை வாயில் கவ்வி ஒவ்வொன்றாகத்தான் தூக்க முடியும். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும்போது மற்றதை யார் பார்த்துக்கொள்வது? போன வருஷம் தவிட்டி நான்கு குட்டிகளோடு கிளம்பி, இரண்டோடுதான் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சண்டை சச்சரவு வேண்டாம் என்று, மழைக்கு முந்தின வாரம் பெண் விலங்குகளுக்கு அங்கே ஒரு மல்யுத்தம் நடக்கும். எதிராளியை மணலில் மல்லாத்தி, நடுவரான நாரை மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தவளுக்குக் குகை.

அங்கே ஒவ்வொருத்திக்கும் ஒரு முத்திரை அடி உண்டு. உடும்புக்கு அதன் பிடி. முயலுக்குப் பின்னங்கால் உதை. ஆனால் மின்னியின் மின்னல் பாய்ச்சலுக்கு ஈடே கிடையாது. மல்யுத்தம் நடக்கும் மணல் கோதாவின் ஓரத்தில் கிடந்த அடிமரத்தின்மேல் ஏறும். வாலால் கட்டையை மூன்று தடவை தட்டும். பிறகு எம்பி, காற்றிலேயே ஒரு குட்டிக்கரணம் போட்டு, எதிராளியின்மேல் வந்து விழும். அந்த வால் தட்டும் சத்தத்துக்கே மரத்துக் குரங்குகள் கிளையைப் பிடித்து ஆடும்! மூன்று வருஷமாக மின்னிதான் ஜெயித்தது. அப்போது அதற்குக் குட்டிகள் இல்லை. தனியாக இருந்த அதற்குக் குகையில் படுப்பதும் மரக்கிளையில் படுப்பதும் ஒன்றுதான்.

இந்த வருஷம் கடைசியாக மின்னியும் தவிட்டியும் எதிரெதிரே நின்றன.

"ஏய் தவிட்டி, உன் முத்திரை அடி என்ன?" என்று மேலேயிருந்து ஒரு குரங்கு கேட்டது.

"அப்படி ஒண்ணும் இல்லை. விழுந்தா எழுந்திருப்பேன். அவ்வளவுதான்!"

"அட, அதை எங்க பாட்டுக்கு நாங்களே தினமும் செய்யறோமே!"

குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

நாரை இறக்கையைத் தட்டியது. போட்டி தொடங்கியது. மின்னி ஒரே இழுப்பில் தவிட்டியின் காலை வாரிவிட்டது. தவிட்டி மல்லாந்து விழுந்தது. மின்னி அதன் தோள்களை மணலில் அழுத்திப் பிடித்தது. தவிட்டி திமிறியது. அசைய முடியவில்லை.

"ஒன்று!" என்றது நாரை. "இரண்டு!"

"என்ன மின்னி, இப்படியா ஜெயிக்கப்போறே?" என்று குரங்குகள் கத்தின. "சப்புனு இருக்கே! பாய்ச்சல் எங்கே?"

'நியாயம்தானே!' என்று நினைத்தது மின்னி. 'இப்படி ஜெயித்தால் நாளைக்கு யார் பேசுவார்கள்? இவள்தான் ஓய்ந்துபோய்விட்டாளே, எங்கே ஓடப்போகிறாள்?'

மின்னி பிடியை விட்டு எழுந்தது.

தவிட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, விட்டுட்டீங்களே!"

"தெரியும்டி! அசையாம அப்படியே படு!"

மின்னி அடிமரத்தின்மேல் ஏறியது. கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தது. டொக்! டொக்! டொக்! குரங்குகள் எல்லாம் எழுந்து நின்றன. "மின்னல்! மின்னல்!"

தவிட்டி படுத்தபடியே அந்தத் தட்டல்களைக் கேட்டது. மின்னி எம்பிய பிறகுதான் அசைந்தது. காற்றில் இருப்பவளால் திரும்ப முடியாது அல்லவா? ஒரு முழம் தள்ளி உருண்டது, அவ்வளவுதான்.

மின்னி வெறும் மணலில் வந்து விழுந்தது. கரணம் போட்ட வேகத்தில் புரண்டு மல்லாந்தது. வாயெல்லாம் மணல். தவிட்டி அதன்மேல் குறுக்கே ஏறிப் படுத்து, நாலு கால்களாலும் கட்டிக்கொண்டது. பார்க்க அழகாகவே இல்லை.

"ஒன்று! இரண்டு! மூன்று!"

"இது அநியாயம், நாரையக்கா!" என்று மின்னி மணலைத் துப்பிக்கொண்டே கத்தியது. "முதல்ல நான்தானே ஜெயிச்சேன்! இன்னும் ஒண்ணே ஒண்ணு எண்ணியிருக்கலாமே!"

"நீ அங்கே இருந்திருந்தா எண்ணியிருப்பேன்!" என்றது நாரை.

மேலே குரங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு, "தவிட்டி! தவிட்டி!" என்று கத்த ஆரம்பித்தன.

மறுநாள் காலையிலேயே தூறல் விழுந்தது. தவிட்டி தன் குட்டிகளைக் குகையில் விட்டுவிட்டு வெளியே வந்தது. மேட்டுக்குக் கிளம்பிய மின்னி தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பாறையடியில் வைத்திருந்தது.

"அக்கா, நீங்க ஒண்ணைத் தூக்கிட்டுப் போய்த் திரும்பி வர்ற வரைக்கும் மத்த ரெண்டும் இந்த வாசல்ல இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன். வழியில தண்ணி ஏறறதுக்குள்ள வந்துடுங்க!"

மின்னியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு, முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு நடந்தது.

வழியில் ஒரு மரத்தடியில் குரங்குகள் அதைப் பார்த்துவிட்டன. "ஏய் மின்னி! போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பாய்ஞ்சு காட்டேன்!"

மின்னி நிற்காமல் நடந்தது. வாயில் குட்டி இருந்தது. மழை வலுத்துக்கொண்டிருந்தது. மேடு இன்னும் வெகு தூரம்.

பார்ப்பவர்களின் கைதட்டலுக்காகக் கையில் இருப்பதை விடுபவர்கள், வேடிக்கை முடிந்தபின் தனியாகத்தான் நடக்க வேண்டியிருக்கும்.