எந்த வரியில் இருக்கு?

அந்த ஏழாம் வகுப்புக்காரர்கள் இன்றைக்கு எங்கே சந்தித்தாலும், கிளம்பும்போது ஒருத்தர் "வரேன்" என்றால் போதும், எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிடும். எல்லாம் இசக்கியம்மாள் செய்த வேலை.

அன்றைக்கு வகுப்பைப் பார்வையிடப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அவர் வந்தால் கரும்பலகைகூட விறைத்து நிற்கும். புளோரா டீச்சர் கதைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"'வாசலில் கோலம் இல்லை. வந்தவர்களை யாரும் வாங்க என்று சொல்லவில்லை.' இதிலேர்ந்து என்ன தெரியுது?"

"அந்த வீட்டுல யாரோ இறந்துட்டாங்க டீச்சர்" என்றாள் இசக்கியம்மாள்.

இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டினார். "இறந்துட்டாங்கன்னு எந்த வரியில இருக்கு? காட்டு!"

"வரியில இல்ல சார். படிச்சாப் புரியுது."

"இருக்கிறதை மட்டும் சொல்லு! டீச்சர், இப்படி நடத்தினீங்கன்னா உங்களை வேற ஊருக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்."

டீச்சர் முகம் வாடிப்போனது. இன்ஸ்பெக்டர் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "சரி, நான் வரேன்."

இசக்கியம்மாள் துள்ளி எழுந்தாள். "வணக்கம் சார்! வாங்க, உட்காருங்க!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஏய், நான் கிளம்புறேன்!"

"வரேன்னுதானே சார் சொன்னீங்க? போறேன்னு எந்த வரியில இருக்கு?"

வகுப்பே சிரித்தது. அடக்கிப் பார்த்த இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாற்றல் பேச்சு அத்தோடு போயிற்று.

அந்த வருஷமே டீச்சர் ஓய்வு பெற்றார். கடைசி நாள் அதே வாசலில் நின்று, "வரேன் பிள்ளைகளா" என்றார்.

இசக்கியம்மாள் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்க டீச்சர், உட்காருங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.