விலாசத்தைக் கழுத்தில் கட்டிய தவசிமுத்து

தவசிமுத்து, அண்ணாவி, மூக்காண்டி மூன்று பேருக்கும் மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நிறையவே இருந்தது. செலவு செய்ய மனசு வராமல் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிளம்பி, பனி கொட்டுகிற ஒரு வெளிநாட்டில் தோசை ஓட்டலில் வேலை பார்த்தார்கள். தவசிமுத்துவுக்கு அங்கே எல்லாம் இருந்தது, பெண்டாட்டி இசக்கியைத் தவிர. கல்யாணமான கையோடு விட்டுவிட்டு வந்தவன். குடியிருப்பு அனுமதி கிடைத்தால்தான் அவளைக் கூப்பிட முடியும். தோசையைத் திருப்பும்போதெல்லாம் அவள் ஞாபகம் வரும், தோசை தீய்ந்துபோகும்.

அதே ஓட்டலில் முன்பு வேலை பார்த்த சுடலை, விசாக் கெடு முடிகிற அன்றைக்குத்தான் வக்கீலைத் தேடி ஓடினான். நேராக ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். போகும்போது அழுதுகொண்டே சொன்னான்: "ஏல, முதல்ல வக்கீலப் பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அதனால் தவசிமுத்துவின் விண்ணப்பத்துக்காக மூவரும் மறுநாளே வக்கீல் சுகந்தினி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எல்லாரும் கடைசி நேரத்திலதான் ஓடி வாறவை. நீங்கள் வேளைக்கே வந்திட்டியள், நல்ல விசயம். ரெண்டு விசயம் சொல்லுறன். விண்ணப்பத்தில எழுதின விலாசத்திலதான் நீங்கள் எப்பவும் இருக்கவேணும். மற்றது, என்னட்டக் கேக்காமல் ஒண்டும் செய்யாதேங்கோ."

இந்த மூவரும் வாழ்க்கையில் செய்த முதல் புத்திசாலித்தனமான காரியம் அதுதான். அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் தவசிமுத்து கட்டிலில் உட்கார்ந்து கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டான்.

"வேலைக்குக் கிளம்பலயால?" என்றான் மூக்காண்டி.

"எப்பவும் விலாசத்துலதான் இருக்கணும்னு அந்த அம்மா சொன்னாங்கல்லா. நான் எப்படி வெளிய வர?"

அண்ணாவி தாடையைத் தடவினான். "சட்டம்னா சட்டந்தாம்ல. ஆனா வேலைக்குப் போவலன்னா முதலாளி சீட்டக் கிழிச்சிருவாரு. வேல இல்லாதவனுக்கு அனுமதி குடுப்பாங்களா?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். அடுப்பில் சோறு குழைந்தது. கடைசியில் மூக்காண்டிக்குத்தான் வழி தோன்றியது.

"நீ விலாசத்த விட்டுட்டுப் போவக்கூடாது. அவ்வளவுதான? அப்ப விலாசத்தையும் கூட்டிட்டுப் போ!"

வாசல் சுவரில் தெருப் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய நீலத் தகடு இருந்தது. வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாதே! அண்ணாவி உடனே போன் போட்டான்.

"மேடம், ஒரு ஆணி கழத்தலாமா?"

"ஆணிக்கெல்லாமே எனக்குப் போன் எடுக்கிறியள்? கழட்டுங்கோ!"

தகடு தவசிமுத்துவின் கழுத்தில் ஏறியது. அன்றிலிருந்து அவன் எங்கே போனாலும் வீட்டில்தான் இருந்தான். தபால்காரர் முதலில் மொட்டைச் சுவரைப் பார்த்து முழித்தார். பிறகு பஸ் நிறுத்தத்தில் விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கடிதங்களை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்.

அப்படித்தான் ஒருநாள் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இசக்கி வருவதும் வராததும் அந்த ஒரு நாளில் இருந்தது.

"எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார் அதிகாரி.

தவசிமுத்து நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான்.

அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"எப்போதும் அங்கேதானா?"

"குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை, ஐயா."

விலாசம் பொய் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். விலாசத்தையே நேரில் கொண்டுவந்து காட்டியவனை அன்றைக்குத்தான் பார்த்தார். அனுமதி முத்திரையைக் குத்திவிட்டார். தவசிமுத்து அங்கேயே தேம்பித் தேம்பி அழுதான். தகடு நனைந்துவிடாமல், கூட வந்திருந்த அண்ணாவி துடைத்துக்கொண்டே இருந்தான்.

இசக்கிக்கும் விசா கிடைத்தது. அவள் வருகிற அன்று மூக்காண்டி முன்கூட்டியே வக்கீலுக்குப் போன் போட்டான்.

"மேடம், தவசி சம்சாரம் வீட்டுக்கு வந்ததும் பால் காய்ச்சணும். சட்டத்துல இடம் இருக்கா?"

"உங்கட வீட்டில பால் காய்ச்சச் சட்டம் என்னத்துக்கு? தாராளமாக் காய்ச்சுங்கோ!"

விமான நிலையத்தில் இசக்கி பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கழுத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். கடிதத்தில் எத்தனை தடவை எழுதிய விலாசம்! அவளுக்குத் தெரியாதா?

"அதுக்குள்ள வீடு வந்துட்டா?"

"வந்துட்டு தாயி. வலது கால எடுத்து வச்சு வா," என்றான் அண்ணாவி.

அவள் வலது காலை எடுத்து வைத்தாள். மூக்காண்டி பையிலிருந்து கேஸ் அடுப்பை எடுத்து நடு ஹாலில் பற்றவைத்தான். பால் பொங்கி வழிந்து, கருகிப் புகைந்தது. மேலே அபாயமணி அலறியது. ஜனங்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். தவசிமுத்துவுக்கோ சந்தோஷத்தில் எதுவுமே காதில் விழவில்லை.

தலைதெறிக்க ஓடிவந்த போலீஸ்காரர், "இங்கே என்ன நடக்கிறது?" என்று கத்தினார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார். வக்கீல முன்னாலேயே கேட்டாச்சு," என்றான் மூக்காண்டி.

இசக்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். முதல் விருந்தாளி அல்லவா! "ஏன் அண்ணாச்சி வாசல்லயே நிக்கீங்க? செருப்பக் கழத்திட்டு உள்ள வாங்க, பால் குடிக்கலாம்."

தவசிமுத்து அதை அந்த நாட்டுப் பாஷையில் பணிவாக எடுத்துச் சொன்னான்.

போலீஸ்காரர் அடுப்பைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.