சொன்ன நேரத்துக்கு வந்த லோடு

சங்ககிரிப் பக்கம் பழைய லாரிகளை உடைத்து உதிரி விற்கிற பட்டறை ஒன்று இருந்தது. நடத்தியவள் பாவாயி. ஊர் முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. உடைக்க வந்த வண்டியைக் கடைசியாக ஓட்டியவன் யாரோ, அவன் வந்து ஏறி ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சம்மட்டியை எடுப்பார்கள். டிரைவர் வராத வண்டியை அக்கா தொடமாட்டாள். இரும்பு வியாபாரத்துக்கு எதுக்கு இந்தச் சடங்கு என்று கேலி பேசியவர்களும் உண்டு. அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

செங்கோடன் அவளைவிட வயதில் மூத்தவன். ஆயுசில் பாதியை லாரி ஓட்டியே கழித்தவன், கண்ணில் புரை விழுந்ததால் ஸ்டீயரிங்கை விட்டான். சொந்தமாக லாரித் தொழில் தொடங்கலாம் என்ற எண்ணம் வந்ததும் அக்காவிடம் சீடனாக வந்து சேர்ந்தான். வண்டி எதனால் சாகிறது என்று தெரிந்தவளுக்குத்தான் எது உழைக்கும் என்றும் தெரியும் என்பது அவன் கணக்கு. அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனை அண்ணா என்பாள். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம்.

ஒரு நாள் அவன் கேட்டான்.

"அக்கா, நம்பகமான வண்டின்னா எதுங்க?"

"யாரு ஓட்டப் போறா?"

"என் மச்சினன் சிவமலை."

சிவமலையின் அப்பாவும் டிரைவர்தான். ஸ்டீயரிங் மேலேயே கண்ணசந்து, புளியமரத்தில் மோதிச் செத்தவர். அது அக்காவுக்கும் தெரியும்.

"உங்க சம்சாரம் என்ன சொல்றாங்க?"

"அருக்காணி ஒண்ணே ஒண்ணுதான் சொல்றா. வண்டி எப்படியோ இருந்துட்டுப் போகட்டும், எந்தம்பி கண்ணு மூடாம வீடு வந்து சேரோணும்ங்கறா. ஒத்தத் தம்பிங்க அவளுக்கு."

"சரி, தேடுங்க."

செங்கோடன் தேடினான். புரோக்கர் அர்த்தனாரியின் ஷெட்டில் ஒரு வண்டி கிடைத்தது. மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரி குனிந்து குனிந்து பார்த்தான். சேஸிஸில் வெல்டிங் இல்லை, ஆயிலில் கசடு இல்லை. என்ஜின் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. டயர்கூட ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. அந்த வயசு வண்டிக்கு அது நடக்காத காரியம்.

"இது எப்பேர்ப்பட்ட வண்டின்னு தெரியுமா?" என்றான் அர்த்தனாரி. "தாவணகெரேயிலிருந்து மக்காச்சோளம் ஏத்திக்கிட்டு வந்துச்சு. நாமக்கல் ரோட்டுல இருக்குதே கோழித்தீவன மில்லு, அங்க வந்து எடைமேடை மேல நடுவாக நின்னுச்சு. டிரைவர் எறங்கலே. கதவைத் திறந்து பாத்தா மனுசன் வெறச்சுக் கெடக்கறான். நெஞ்சுவலி. உசுரு சேலத்துக்கு அந்தப் பக்கமே போயிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்புறம் யாரு ஓட்டுனது?"

"அதத்தான் சொல்றேன். டிரைவர் செத்தாலும் லோடு சொன்ன நேரத்துக்கு வந்துருச்சு. இதைவிட நம்பகமான வண்டி இந்த ஜில்லாவுலயே உண்டா?"

செங்கோடனுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. ஓடிவந்து அக்காவிடம் சொன்னான்.

அக்கா போல்ட் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதுக்கப்புறம் யாரு ஓட்டுனாங்க?"

"கேக்கலீங்க."

"வண்டியப் பாத்தீங்க. எறங்கிப் போன ஆளைப் பாக்கலியே."

விசாரித்துப் போனான். அந்த வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியவன் பெயர் சென்னியப்பன். இப்போது திருச்செங்கோட்டு ரோட்டோரம் தள்ளுவண்டியில் கம்பங்கூழ் விற்கிறான். அந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"எதாச்சும் பழுதுங்களா?" என்றான் செங்கோடன்.

"ஒரு பழுதும் இல்ல. ஸ்டீயரிங்கைப் புடிச்சா போதும், தூக்கம் வந்துரும். முழிச்சுப் பாத்தா ஊரு வந்திருக்கும். ஒரு கீறல் இருக்காது. நானும் சாமி குடுத்த வண்டின்னு கற்பூரம் காட்டிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன் எறங்கினீங்க?"

"ஒரு நாள் தூங்கலே. கொழந்தைக்குக் காய்ச்சல், அதே நெனப்பு. வீட்டுப் பக்கம் போயிட்டுப் போலாம்னு திருப்புனேன். ஸ்டீயரிங் திரும்புச்சு. வண்டி திரும்பலே."

செங்கோடன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதைதான்," என்றான் சென்னியப்பன். தள்ளுவண்டியின் சக்கரத்தைக் காலால் தட்டினான். "இது நான் தள்ளுனாத்தான் போவும். விட்டா நிக்கும். போதுமுங்க எனக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் செங்கோடன் தன்னோடு தானே வழக்காடினான். பட்டறைக்குள் நுழையும்போது அவன் பக்கம் அவனே தீர்ப்பும் சொல்லியிருந்தான்.

"அக்கா, யோசிச்சுப் பாத்தேன். என் மாமனாரு தூங்கித்தான் செத்தாரு. இந்த வண்டி இருந்திருந்தா தூங்கியும் பொழச்சிருப்பாரு. சிவமலையும் அப்பனாட்டத்தான், கண்ணு சொக்கிரும். அவனுக்கு இதானுங்களே தோது?"

அக்கா கையைத் துணியில் துடைத்தாள்.

"ஓட்டப் போறவரு ஓட்டிப் பாக்கட்டும். நானும் வர்றேன்."

மறுநாள் நல்ல வெயிலில் கிளம்பினார்கள். அர்த்தனாரி சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். சிவமலை ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். நடுவில் செங்கோடன், ஓரத்தில் அக்கா. திருச்செங்கோடு வரை போய்விட்டுத் திரும்புவது என்று பேச்சு. வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கிய சத்தமே இல்லை.

"தண்ணியில போற மாதிரி போகுதே மச்சான்," என்றான் சிவமலை.

கொஞ்ச தூரத்தில் அவன் பேச்சு நின்றது. செங்கோடன் திரும்பிப் பார்த்தான். சிவமலையின் தலை சாய்ந்திருந்தது. கை இரண்டும் மடியில் கிடந்தன. உச்சி வெயில், சாலை நிறைய வண்டிகள். முன்னால் போன பஸ் நின்றதும் லாரி வேகத்தைக் குறைத்தது. பஸ் நகர்ந்ததும் இதுவும் நகர்ந்தது. வளைவு வந்தபோது ஸ்டீயரிங் தானாகத் திரும்பி, தானாக நேரானது.

"மாப்ள. டேய், சிவமலை."

தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் எழுந்திருக்கவில்லை. உதட்டில் சிரிப்பு மட்டும் இருந்தது. செங்கோடன் எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பப் பார்த்தான். எதிர்ப்பக்கம் இன்னொருத்தர் பிடித்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. முரட்டுப் பிடி இல்லை. பழகின பிடி.

"விட்டுருங்கண்ணா," என்றாள் அக்கா. அவள் நெற்றியும் வேர்த்திருந்தது. "நீங்க மல்லுக்கு நின்னா ரோட்டுல போறவங்களுக்குத்தான் ஆபத்து."

"ஹாரனாச்சும் அடிங்கக்கா."

சிவமலையைத் தாங்கிப் பிடித்திருந்த செங்கோடனைத் தாண்டி அக்கா கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திருச்செங்கோடு வந்தது, போனது. லாரி நாமக்கல் ரோட்டில் ஏறியது. செங்கோடன் அருக்காணியை நினைத்தான். மச்சினனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். நாடி இருந்தது. கை மட்டும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லிட்டுக்கொண்டே போனது.

கோழித்தீவன மில்லின் கேட்டுக்குள் லாரி நுழைந்தது. எடைமேடை மேல் ஏறி, நடுவாக நின்றது. என்ஜின் தானாக அணைந்தது.

எடை போடுகிற ஆள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. மெதுவாக வந்தார். டிரைவர் பக்கத்துக் கதவை அவர் திறக்கவில்லை. தள்ளி நின்று, கையிலிருந்த குச்சியால் தட்டினார். டிரைவர் செத்து வந்த அன்றைக்குத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கறோமுங்க," என்றாள் அக்கா.

சிவமலை கண்ணைத் திறந்தான். சோம்பல் முறித்தான்.

"வந்துட்டமா மச்சான்? என்னமாத் தூங்குனேன் தெரியுமா. சின்ன வயசுல அப்பா வண்டியில, அவரு தொடை மேல தல வெச்சுப் படுத்திருப்பேன், அதே மாதிரி இருந்துச்சு. பக்கத்துல அவரே ஓட்டிட்டு வந்தாப்ல."

செங்கோடன் அவன் கையை விடவில்லை.

"இந்த வண்டியையே வெல பேசி முடிச்சுருவோம் மச்சான்," என்றான் சிவமலை. "எனக்கு இதான் வேணும்."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினார்கள். வழி முழுக்க சிவமலை அந்த வண்டியைப் பற்றியே பேசினான். இப்படித்தான் திரும்புவார்கள் என்று தெரிந்தவன் மாதிரி அர்த்தனாரி சங்ககிரி பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தான். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"வேண்டாமுன்னா போகுது," என்றான் அக்காவிடம். "இரும்பு விலைக்கே எடுத்துக்கங்க. உடச்சுப் போடுங்க, சனியன் ஒழியட்டும்."

"அதைக் கடைசியா ஓட்டுனது யாரு? ஹாரன் அடிக்க யாரு வருவா?" என்றாள் அக்கா.



பட்டறைக்கு வந்தபோது வாசலில் ஒரு வண்டி நின்றிருந்தது. அன்றைக்குத்தான் உடைக்க வந்தது. ஒரு பக்க விளக்கு இல்லை, முகப்பில் எழுதியிருந்த பெயரில் பாதி உதிர்ந்திருந்தது. அதைக் கடைசியாக ஓட்டியவர் கீழே நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்தார். தலை பஞ்சாக நரைத்த ஆள். கண் கலங்கியிருந்தது.

"சனியன் புடிச்ச வண்டி," என்றார். "கியரு போடறதுக்குள்ள தோளு கழண்டுரும். என்ஜின் சூடு பாதத்தைப் பொசுக்கும். சீட்டுக் கம்பி குத்திக் குத்தி முதுகே புண்ணு. ஒண்ணு சரியில்லேன்னா வழியெல்லாம் கத்திட்டே வரும், நிறுத்திப் பாக்கற வரைக்கும் விடாது. கலியாணத்துக்கு முன்னால ஏறுனேன், பேத்தி எடுத்துட்டேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னைக் கண்ணசர விட்டிருக்குமா?"

அக்கா கதவைத் திறந்துவிட்டாள். ஏறுங்கள் என்று கை காட்டினாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கம்பி குத்தியிருக்க வேண்டும், உட்கார்ந்ததும் ஒரு வசவு வந்தது.

செங்கோடன் அவரைப் பார்த்தான். வாசலில் இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சிவமலையைப் பார்த்தான்.

"அக்கா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலியே. நம்பகமான வண்டி எதுங்க?"

மேலே பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, ஹாரனுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"இருங்க பெரியவரே," என்றாள் அக்கா. "ஹாரன் அடிக்காதீங்க. சாவிய இந்த அண்ணங்கிட்டக் குடுத்துட்டு எறங்குங்க."