ஐந்து ஓடைகளும் இருவாச்சியின் வாக்கும்

மலையடிவாரக் காட்டில் ஒரு பெரிய மடு இருந்தது. மலையிலிருந்து ஐந்து ஓடைகள் இறங்கி வந்து அதில் கலந்தன. மடுவின் நடுவே ஒரு பாறை. படுத்திருக்கும் யானை மாதிரியே இருக்கும். தும்பிக்கை, கண், காது எல்லாம் உண்டு. தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் அந்தக் காட்டில் யாரும் ஆழம் சொல்ல மாட்டார்கள். "இன்னைக்குத் தும்பிக்கை நனைஞ்சிருக்கு!" என்பார்கள். அவ்வளவுதான், எல்லோருக்கும் புரிந்துவிடும்.

கரையில் நின்ற மருத மரத்தில் கொண்டையன் என்ற இருவாச்சி குடியிருந்தான். பெரிய பறவை. அவன் சிறகடித்தால் புயல் வருகிறதோ என்று முயல்கள் நிமிர்ந்து பார்க்கும்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். மண்ணும் எச்சமும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளே இருக்கும்போதே அதன் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். பறக்க முடியாது. ஆண் பறவை பழம் கொண்டு வந்தால் சாப்பாடு, வராவிட்டால் பட்டினி. அப்படி ஒரு நம்பிக்கையை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது!

கொண்டையனின் மனைவி மருதாயி அப்படித்தான் பொந்துக்குள் இருந்தாள். குஞ்சும் பொரித்துவிட்டது. கொண்டையன் விடிந்ததிலிருந்து அத்திப்பழம் சுமந்தான். நல்ல உழைப்பாளிதான், இல்லை என்று சொல்லக் கூடாது.

ஒரு நாள் முள்ளி என்ற முள்ளம்பன்றி மரத்தடிக்கு வந்தாள். அவளுடைய வளை கரையோரத்தில் இருந்தது.

"கொண்டையண்ணே, கோடை மழை ஆரம்பிச்சாச்சு. தண்ணி யானைக் காதைத் தொட்டா என் வளை முழுகிடும். வேற வளை தோண்டுற வரைக்கும் பிள்ளைங்க எதைத் தின்னும்?"

கொண்டையன் சிரித்தான். "நான் மேலேருந்து அஞ்சு ஓடையையும் பார்க்கிறவன்! ஒண்ணு பெருகினா இன்னொண்ணு வத்தும். மடு எப்பவும் நிதானமாத்தான் இருக்கும். காதாவது, நனையறதாவது!"

"அப்படின்னா ஒரு வாக்கு கொடுங்க. இந்தாங்க, ஒரு பழம். அமாவாசைக்குள்ள காது நனைஞ்சா நீங்க எனக்கு இருபது பழம் தரணும். நனையலேன்னா இது உங்களுக்கே!"

"சரி, கொடு!" என்றான் கொண்டையன்.

அமாவாசை வந்தது. தண்ணீர் தும்பிக்கையைத் தாண்டவே இல்லை. சும்மா ஒரு பழம்! அதன் ருசி மற்ற பழங்களுக்கு இல்லை என்று கொண்டையனுக்குத் தோன்றியது.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? நீர்நாய் வந்தது, முயல் வந்தது, கீரி குடும்பத்தோடு வந்தது. கையில் ஆளுக்கொரு பழம். ஒரு கருங்குரங்கு, யாரும் கூப்பிடாமலே, தரகராக வந்து நடுக்கிளையில் உட்கார்ந்துகொண்டது.

"சாட்சிக்கு நான் இருக்கேன்! வாங்கறவர்கிட்ட ஒரு கடி, கொடுக்கிறவர்கிட்ட ஒரு கடி. தண்ணி ஏறினாலும் இறங்கினாலும் என் கடி எனக்கு!"

கொண்டையன் தினமும் மேலே பறந்து மடுவைப் பார்ப்பான். பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆச்சரியம் தீராது. வடக்கே மழை கொட்டி ஓர் ஓடை செம்மண்ணாகப் பாயும். அதே நேரம் தெற்கே வெயில் காய்ந்து இன்னோர் ஓடை நூலாக இளைத்திருக்கும். மூங்கில் காட்டு ஓடை காலையில் துள்ளும், மாலையில் தூங்கும். எல்லாம் வந்து சேரும் மடு மட்டும் அசையாமல் கிடக்கும். என்ன கணக்கு இது! யார் போட்டது! அவன் மெய்மறந்து வட்டமடிப்பான். இந்தக் கணக்கு தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கும்போது இறக்கை இன்னும் கொஞ்சம் விரியும்.

மருதாயி கீறல் வழியாகக் கேட்டாள். "என்னங்க, போனதும் தெரியலை, வந்ததும் தெரியலை. அதுக்குள்ள இவ்வளவு பழமா?"

"தேடி வருது மருதாயி! உட்கார்ந்த இடத்துக்குக் குவியலா வருது!"

"வாங்கினது சரி. கொடுக்கிறேன்னு சொன்னது எவ்வளவு?"

"அதைக் கொடுக்கிற நிலைமையே வராது!"

"வந்தா?"

கொண்டையனுக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. பறந்து போய்விட்டான்.

பிறகு ஒரு மாலை மடு திடீரென்று எகிறி யானையின் கண்ணைத் தொட்டது. மறுநாள் காலையில் தும்பிக்கை நுனிக்கு இறங்கியது. மத்தியானம் மறுபடி ஏறியது. கரை முழுக்க ஒரே அல்லோலகல்லோலம்!

குரங்கு ஓடி வந்தது. "கொண்டையா, பயம் ஏறிடுச்சு! ஒரு பழம் தந்த இடத்துல இப்போ மூணு பழம் தர்றாங்க. வாக்கு கொடுக்கிறியா?"

"எத்தனை பேர் வந்தாலும் கொடுக்கிறேன்!"

"அவ்வளவு வாக்குக்கு ஈடு வேணுமே?"

அந்தக் காட்டில் ஒரு மரியாதை இருந்தது. குஞ்சு வைத்திருக்கும் இருவாச்சியின் அத்தி மரத்தை வேறு யாரும் தொடமாட்டார்கள். மருதாயியும் குஞ்சும் உயிர் வாழ்வது அந்த மரத்தால்தான். கொண்டையன் ஒரு நொடி பொந்தைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மூன்று மூன்றாக நீளும் பழங்களைப் பார்த்தான்.

"அத்தி மரமே ஈடு!" என்றான்.

அன்றைக்கு மட்டும் அவனுக்குப் பல் இருந்திருந்தால் வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும்.

அடுத்த அமாவாசைக்கு முன்னால் மேற்கு வானம் கறுத்தது. காற்று நின்றது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. அப்புறம் பெய்தது பாருங்கள், மழை! மலையே உருகி இறங்குவது போல இருந்தது.

"கொண்டையா, தண்ணி கண்ணைத் தாண்டுது! ஈடு போதலை, இன்னும் வை!" என்று குரங்கு கீழிருந்து கத்தியது.

"பக்கத்துல இருக்கிற என் நாவல் மரத்தையும் எடுத்துக்கோ! கொஞ்சம் பொறு, தெற்கு ஓடை வத்தியிருக்கும். இதோ பார்த்துட்டு வர்றேன்!"

மழையைக் கிழித்துக்கொண்டு கொண்டையன் மேலே போனான். கீழே பார்த்தான். இறக்கை அடிக்க மறந்து போனான்.

ஐந்து ஓடைகளும் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஐந்துக்கும் ஒரே நிறம், ஒரே சத்தம், ஒரே வேகம். ஒன்றுகூட வற்றவில்லை. வேரோடு மரங்கள் துரும்பாக மிதந்து வந்தன. வருஷக் கணக்கில் அவன் பார்த்த மடு அங்கே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சுழன்று புரளும் தண்ணீர்தான் இருந்தது. அடேயப்பா! இவ்வளவு பெரியதையா இத்தனை நாள் நிதானம் என்று சொன்னோம்! பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவன் நெஞ்சை அடைத்தது. வாக்கு, பழம், மரம் எதுவும் ஞாபகம் இல்லை. அப்படியே மிதந்தான்.

கண்ணெதிரே யானைக் காது முழுகியது. பிறகு யானையே முழுகியது. அப்போதுதான் அவனுக்கு அத்தி மரம் ஞாபகம் வந்தது.

மழை விட்டதும் எல்லோரும் வந்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. முள்ளி நனைந்த பிள்ளைகளோடு தலைகுனிந்து நின்றாள்.

"அண்ணே, கேட்க எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா வளை போயிடுச்சே!"

"நீ ஏன் தலைகுனியறே? நான் சொன்ன வாக்குதானே? எடுத்துக்கோ."

பொழுது சாய்வதற்குள் அத்தி மரம் மொட்டையானது. காய்கூட மிஞ்சவில்லை. நாவல் மரமும் போயிற்று. குரங்கு தன் கடியை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

பொந்துக்குள் குஞ்சு கத்தியது.

"என்னங்க, பிள்ளை பசியில துடிக்குது. பழம் எங்கே?"

கொண்டையன் வெறும் அலகோடு கீறலருகே வந்து உட்கார்ந்தான். "எல்லாம் போச்சு, மருதாயி. மரத்தையே ஈடு வெச்சுட்டேன்."



"உங்களுக்கு ரெக்கை இருக்கில்ல?" என்றாள் மருதாயி. "பறங்க!"

கொண்டையன் பறந்தான். மழையோடு வீசிய காற்று மலைமேல் மரங்களிலிருந்த பழங்களையெல்லாம் உதிர்த்துவிட்டிருந்தது. முகட்டைத் தாண்டினான், அடுத்த முகட்டையும் தாண்டினான். கடைசியில் ஒரு பாறை இடுக்கு அத்தியில் ஒரே ஒரு பழம் கிடைத்தது. பசி அவன் குடலையும் பிடுங்கியது. விழுங்காமல் அலகில் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் மருத மரத்துக்கு வந்தான். பொந்தின் சுவர் உடைந்து சிதறிக் கிடந்தது. பாம்பு புகுந்துவிட்டதோ! அவன் உயிர் அவனிடம் இல்லை.

"இங்கே இருக்கேன்!" என்று ஒரு குரல்.

கிளையில் மருதாயி நின்றாள். உடம்பெல்லாம் அரைச் சிறகு. பறக்க முடியாது. சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, கிளை கிளையாகத் தத்தித் தத்தி, பட்டையில் புழு பொறுக்கிக் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கொண்டையன் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"சும்மா இருங்க. அங்கே பாருங்க!"

உடைந்த வாசலில் ஒரு சின்ன அலகு தெரிந்தது. முழுதாகக் கண் விரியாத குஞ்சு, உள்ளே கிடந்த மண்ணையும் எச்சத்தையும் குழைத்து, தானே வாசலை அடைத்துக்கொண்டிருந்தது! யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. அப்பன் எப்படியும் வருவான் என்று நம்பி, தன்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தது. வெள்ளத்தைப் பார்த்து வாயடைத்த கொண்டையன் இதைப் பார்த்து அழுதே விட்டான். வாசல் மூடுவதற்குள் அந்த ஒற்றைப் பழத்தை உள்ளே வைத்தான். அன்றிலிருந்து குஞ்சு பறக்கும்வரை அவன் ஒரு கிளையிலும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அடுத்த கோடையில் முள்ளி மறுபடி ஒரு பழத்தோடு வந்தாள். மருதாயி மறுபடி பொந்துக்குள் இருந்தாள். மடு அமைதியாகக் கிடந்தது.

"இந்த வருஷமும் வாக்கு கொடுப்பீங்களா, அண்ணே?"

"உனக்கு மட்டும் தர்றேன், முள்ளி. பொறு, முதல்ல இருபது பழம் இருக்கிற கிளை ஒண்ணை உனக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டு வர்றேன்."

குரங்கு பதறியது. "ஒரே ஒரு வாக்கா? காடே வரிசையில நிக்குது! காது நனையவா போகுது?"

கொண்டையன் மலையை அண்ணாந்து பார்த்தான். "அஞ்சும் ஒண்ணா வர்றதை நான் மேலேருந்து பார்த்திருக்கேன்" என்றான்.

கைக்கு வரும் சிறு லாபத்தை எண்ணி மகிழ்வதற்கு முன், கெட்ட நாள் வந்தால் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பவனே தன் வீட்டைக் காப்பாற்றுவான்.