இடப்பக்கம் ஒடித்தால் நிற்கும் வண்டி

மதுவிலக்குச் சங்கத் தலைவர் வையாபுரி என்றால் எங்கள் ஊரே நடுங்கும். அவர் இடத்தில்தான் மெக்கானிக் இருதயராஜின் கடை. ஒரு நாள் தலைவர் தன் முப்பது வருஷத்துப் பழைய பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, தெருவே கேட்கக் கத்தினார்.

"ஓடிட்டே இருக்கு, திடீர்னு நிக்குது! இந்த வாரம் மட்டும் நாலு தடவை! இப்பவே கோளாறைக் கண்டுபிடி. இல்லேன்னா கடையைக் காலி பண்ணு!"

இருதயராஜ் கடைத்தெருவை இரண்டு சுற்று ஓட்டிவந்தான். வண்டி நிற்கவே இல்லை.

"பாத்தீங்களா, ஒண்ணும் தெரியாத பய!" என்று, கூடிவிட்ட கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார் தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருதயராஜ் குனிந்து ஹேண்டிலைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடப்பக்கம் கடைசிவரை ஒடித்தான். பட்டென்று அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து ஒடித்தான். மறுபடி அணைந்தது.

"ஹேண்டில் கழுத்துக்கிட்ட ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்குங்க ஐயா. ஹேண்டிலை முழுசா இடப்பக்கம் ஒடிச்சாத்தான் கரண்ட் கட் ஆகும். நம்ம ஊர்ல அப்படி ஒடிச்சுத் திரும்புற சந்து ஒண்ணே ஒண்ணுதான்."

அந்தச் சந்தில் இருப்பது பிராந்திக் கடை மட்டும்தான்.

"வாரத்துல நாலு தடவையா!" என்று அலறினார், கூட்டத்தில் நின்ற சங்கப் பொருளாளர்.

தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கடை இருக்கட்டும்டா, வாயை மூடு" என்று முனகினார்.

"மூடிட்டேங்க ஐயா. ஒயரை மாத்தட்டுங்களா? இல்ல, சங்கத்தோட நன்மைக்கு அப்படியே விட்டுடட்டுங்களா?"