தெய்வசிகாமணியை உள்ளே விடாதே

தபால்காரர் ஆரோக்கியத்தின் சைக்கிளில் பெடல் கட்டை சங்கிலி உறையை இடிக்கும். டக், டக் என்று பதினோரு மணி வெயிலில் அந்தச் சத்தம் தெருவுக்குள் வரும். அதன் பின்னாலேயே குரல் வரும். "ஈயச்சொம்பூ... கடுதாசீ!" "வெந்நீரூ... பார்சலூ!" அது நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கடித உறையின் மேல் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

கொம்பங்குளத்தில் யாருடைய உண்மைப் பெயரும் யாருக்கும் தெரியாது. உறையில் உள்ள பெயர் தெருவில் எந்தப் பெயராக நடமாடுகிறது என்று அறிந்தவர் ஆரோக்கியம் ஒருவர்தான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கணக்கும் போய்விட்டது. ஊர் அதை ஒரு நஷ்டமாக நினைக்கவில்லை.

சைக்கிள் கடைக்காரர் டைனமோ. சாப்பாட்டுக் கடைக்காரர் ரசமட்டை. எந்தச் செய்தியையும் அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஊர் முழுக்கச் சேர்த்துவிடும் அம்மாள் தந்தி அக்கா. தையல்காரர் கலெக்டர். பெரியவனானால் என்ன ஆவாய் என்று ஒன்றாம் வகுப்பு வாத்தியார் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அது. அன்று முதல் ஐம்பது வருஷமாக அதே பதவியில் இருக்கிறார். மாற்றல்கூட இல்லை.

செல்போன் வந்த பிறகு ஊருக்கென்று ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். டைனமோதான் குழுத் தலைவர். இருநூற்று ஆறு பேர், எல்லாரும் தெருப் பெயரோடுதான் சேர்ந்தார்கள். தினமும் காலையில் கலெக்டர் அதில் எழுதுவார்: "டைனமோ நேத்து அடிச்ச காத்து மத்தியானத்துக்குள்ள போயிட்டு. அது காத்தா, பெருமூச்சா?" டைனமோ பதில் போடுவார்: "நீரு தைச்ச சட்டைக்குள்ள போனவன் மூச்சு விட முடியாமக் கெடக்கான் வே. மொதல்ல அவனைக் காப்பாத்தும்." இருநூற்று நான்கு பேர் சிரிப்பார்கள். அதன் பிறகுதான் ஊரில் கடை திறக்கும்.

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. ஒருநாள் புதிதாக வந்த எஸ்.ஐ. அம்மா பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்.

"செல்போன்ல போலிப் பேருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு அசிங்கமா பேசுறாங்க. எல்லாரும் உண்மைப் பேரைப் போடுங்க. மரியாதை தானா வரும். இன்னொண்ணு, முன்பின் தெரியாதவங்களோட பேச்சு வச்சுக்காதீங்க."

ரசமட்டை கொடுத்த போண்டாவைச் சாப்பிட்டுவிட்டு அவர் போய்விட்டார். ஊர் அன்று மாலையே டைனமோவின் கடை முன்னால் கூடியது.

"அப்ப நாம இத்தன வருசமா போலியாத்தான் திரிஞ்சிருக்கோம்" என்றார் டைனமோ. அவர் முகம் வெளுத்திருந்தது.

"நம்ம குழுவுல யாரும் அசிங்கமாப் பேசலையே, அண்ணாச்சி?" என்றாள் தந்தி அக்கா.

"பேசலங்கது வேற. பேசுததுக்கு எல்லா வசதியும் பண்ணி வச்சிருந்திருக்கோம்லா? அது குத்தம்."

"வசதி இருந்தும் ஏன் பேசலைன்னு கேப்பாங்களே?" என்று கவலைப்பட்டார் ரசமட்டை.

உண்மைப் பெயரை எங்கே தேடுவது? ஆதார் அட்டையில் இருக்கும் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் அட்டையைத் தேடி எடுத்து, போனோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டார்கள். எல்லாவற்றையும் இரண்டு அரிசிச் சாக்கில் கட்டி, டைனமோ பக்கத்து ஊர்க் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஏற்றிக்கொண்டு போனார். அங்கிருந்தவருக்குக் கொம்பங்குளத்தில் ஒருத்தரையும் தெரியாது. அட்டையைப் பார்த்தார், போனில் அடித்தார், சாக்கில் போட்டார். சாயங்காலம் இருநூற்று ஆறு பேரும் உண்மையாகத் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் காலையில் போனைத் திறந்த ஊர் திடுக்கிட்டது. குழு முழுக்க அன்னியர்கள். சொர்ணவடிவாம், மாசானமுத்துவாம், அருணாசலவடிவாம். முன்பின் தெரியாதவர்களோடு பேசக் கூடாது என்று எஸ்.ஐ. அம்மா சொல்லியிருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. மேலத்தெருவில் தண்ணீர் வருகிறதா என்று ஒருவர் கேட்டார். அன்னியருக்கு எதற்குத் தண்ணீர் என்று விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டில் இருக்கும் தங்கச்சி, "அக்கா, சோறு வடிச்சிட்டியா?" என்று எழுதியதற்குத் தந்தி அக்கா, "உங்களோடு பேச எனக்கு அனுமதி இல்லை" என்று பதில் போட்டாள். பிறகு ஜன்னலைத் திறந்து, "ஏட்டி, எவளோ ஒருத்தி என் சோத்தை விசாரிக்கா!" என்று தங்கச்சியிடம் சொன்னாள். "கவனமா இரு, அக்கா" என்றாள் தங்கச்சி.

இதெல்லாம் கலெக்டருக்கு ஏறவே இல்லை. இருபது நாளில் அவருடைய ஒரே மகள் பொன்மாரிக்குக் கல்யாணம். தாரை வார்க்கும்போது கை நடுங்கிவிடக் கூடாதே என்று தினமும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொல்லை வேம்புக்கு ஊற்றிப் பழகிக்கொண்டிருந்தார். ஐந்து நாள் பழகியதில் வேம்பு கொஞ்சம் துளிர்த்தது. கை நடுங்குவது நிற்கவில்லை.

அன்றும் ஊற்றிவிட்டு வந்து, வழக்கம்போல் எழுதினார்: "டைனமோ நேத்து அடிச்ச காத்து மத்தியானத்துக்குள்ள போயிட்டு. அது காத்தா, பெருமூச்சா?"

அந்தக் குழுவில் ஒரு ஏற்பாடு உண்டு. நாம் எழுதியதற்கு மேல் நம் போனில் 'நீங்கள்' என்றுதான் வரும். மற்றவர்கள் போனில்தான் பெயர் வரும். ஆகவே கலெக்டர் கண்ணுக்கு எல்லாம் பழையபடியே இருந்தது. மற்ற இருநூற்று ஐந்து போனிலும், தெய்வசிகாமணி என்ற ஒருவன் எங்கிருந்தோ வந்து டைனமோவின் காற்றைப் பழித்திருந்தான்.

டைனமோ அன்று கடை திறக்கவில்லை.

கலெக்டர்தான் முதலில் ஓடினார். டைனமோ பூட்டிய கடை முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன வே ஆச்சு?"

"தெய்வசிகாமணின்னு ஒருத்தன், கலெக்டரே. ஊரு பாக்க என் காத்தைப் பெருமூச்சுன்னுட்டான்."

கலெக்டருக்கு ரத்தம் கொதித்தது. "அதைச் சொல்ல அவன் யாரு? ஒம்ம காத்தை நான் சொல்லலாம். நான் நாப்பது வருசமாச் சொல்லுதேன். என் வார்த்தையைக் களவாண்டிருக்கான் பாரும்!" சற்று யோசித்தார். "எங்கயோ கேட்ட பேரா வேற இருக்கு. அதான் ஆத்திரம் இன்னும் கூடுது."

மறுநாள் மாலை நான்கு மணிக்கு நேரில் வந்து விளக்கம் தரவேண்டும் என்று தெய்வசிகாமணிக்குக் குழுவில் உத்தரவு போயிற்று. கலெக்டர் மூன்றரைக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஊர் வந்தது. ஐந்து மணி ஆயிற்று. தெய்வசிகாமணி வரவில்லை.

"பயந்துட்டான்" என்றார் ரசமட்டை.

"விடப்பிடாது" என்று கலெக்டர் அங்கேயே போனை எடுத்துக் குழுவில் எழுதினார்: "தெய்வசிகாமணி மானம் உள்ளவனா இருந்தா இப்பவே நேரில் வரட்டும்."

எல்லார் மடியிலும் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவர்கள் உறைந்து போனார்கள்.

"பாத்தீங்களா!" என்று எழுந்துவிட்டாள் தந்தி அக்கா. "தெய்வசிகாமணி எழுதியிருக்கான். தெய்வசிகாமணியை வரச் சொல்லுதான். தன்னையே கூப்பிட்டு நக்கல் பண்ணுதான்!"

"எங்க? எனக்கு வரலையே" என்று கலெக்டர் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எழுதினதுதான் இருக்கு."

"ஒமக்குப் பயந்து ஒம்ம போனுக்கு மட்டும் அனுப்பாம விட்டிருக்கான்" என்று விளக்கினார் டைனமோ. கலெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் கலெக்டர்தான். தெய்வசிகாமணியைக் குழுவிலிருந்து நீக்க வேண்டியது. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது, கை நனைக்கக் கூடாது. அவன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை இது செல்லும். எல்லாரும் கை தூக்கினார்கள். கலெக்டர் இரண்டு கையையும் தூக்கினார். டைனமோ அந்த இடத்திலேயே பெயரை அழுத்தி நீக்கினார்.

அன்று முதல் கலெக்டரின் போனுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. "அவனை எடுத்ததும் ஊரே எப்படி அமைதியாயிட்டு பாத்தீரா?" என்று ரசமட்டையிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

கல்யாணப் பத்திரிகையை அச்சடித்து வாங்கியது அவர் மனைவி இசக்கியம்மாள். கலெக்டர் அதற்கு மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து டைனமோவிடம் நீட்டினார். டைனமோ படித்தார். தாம்பாளத்தைத் தள்ளினார்.

"கலெக்டரே, அந்தப் பய மக கல்யாணத்துக்கு நீரு எதுக்கு வே பத்திரிகை கொண்டு அலையுதீரு?"

கலெக்டர் வாங்கிப் பார்த்தார். 'தெய்வசிகாமணி – இசக்கியம்மாள் தம்பதியரின் மகள் பொன்மாரி' என்று இருந்தது. வீட்டுக்கு ஓடினார்.

"இசக்கி! நம்ம பிள்ளை பேருக்கு மேல எவன் பேரு இது?"

இசக்கியம்மாள் அம்மியிலிருந்து நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்கதான் அது. பேரு வச்சப்போ சர்க்கரை கூடக் குடுத்தாகளாம், ஒங்க அம்மை சொல்லியிருக்காக."

கலெக்டர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "படம் என்னதுதான். பேருதான் அவனோடது."

அவர் தலை குனிந்து டைனமோவின் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"சரி, நான் மன்னிப்புக் கேட்டுடுதேன்" என்றார் கலெக்டர்.

"நீரு எதுக்கு வே கேக்கணும்?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் டைனமோ. "நீரு என்ன தப்பு பண்ணீரு? அவன்லா கேக்கணும்!"

கலெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கலெக்டர் மக கல்யாணத்துக்கு நாம போகாம இருக்க முடியுமா?" என்று கேட்டாள் தந்தி அக்கா.

"முடியாது" என்றது ஊர்.

"தெய்வசிகாமணி மக கல்யாணத்துக்குப் போக முடியுமா?"

"முடியவே முடியாது."

"ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம்" என்றார் ரசமட்டை. சமையல் அவருடையது. "சாம்பாரை ரெண்டா வைக்கணுமா, ஒண்ணு போதுமா? இப்பச் சொன்னாத்தான் பருப்பு வாங்க முடியும்."

விவாதம் இரண்டு நாள் நடந்தது. கடைசியில் டைனமோதான் வழி கண்டுபிடித்தார். கல்யாணத்தைக் கலெக்டர் நடத்தட்டும், ஊர் வரும். தெய்வசிகாமணி மட்டும் மண்டபத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது கலெக்டர் எழுந்தார்.

"நான் வாசல்ல நிக்கேன். அவனை என்னை விட்டா யாருக்குத் தெரியும்?"

கல்யாணத்தன்று ஊரே வந்தது. ஒரு சாம்பார்தான் வைத்திருந்தார்கள். கலெக்டர் பட்டு வேட்டி கட்டி, பந்தல் வாசலில் இரண்டு வாழைமரத்துக்கும் நடுவில் நின்றார். வந்தவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்பினார். இடையிடையே தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

முகூர்த்தம் நெருங்கியது. மைக்கில் ஐயர் கூப்பிட்டார். "பொண்ணோட தகப்பனார் தெய்வசிகாமணி அவர்கள் தாரை வார்க்க மேடைக்கு வரவும்."

கலெக்டர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார்.

இசக்கியம்மாள் பட்டுப்புடவையோடு ஓடி வந்தாள். "நேரம் போகுது. பிள்ளை அழுதா. உள்ள வாங்க."

"நான் வந்துருவேன், இசக்கி" என்றார் கலெக்டர். "நான் வந்தா கூடவே அவனும் வந்துருவான்."

இசக்கியம்மாள் தன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு மேடைக்குப் போனாள். மேளம் கொட்டியது. கலெக்டர் திரும்பிப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் விரித்தபடியே இருந்தன. அவை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

பந்தி முடிந்து டைனமோ வெற்றிலையோடு வெளியே வந்தார்.

"வந்தானா?"

"வரலை."

"எப்படி வருவான்? பெத்த பிள்ளைன்னு ஒரு பாசம் இருந்தால்லா வருவான்" என்றார் டைனமோ.

"பாவம், அந்தப் பிள்ளை" என்றார் கலெக்டர்.

பொன்மாரி இப்போது கோவில்பட்டியில் இருக்கிறாள். இரண்டு குழந்தைகள். அவளுக்குத் தாரை வார்த்தது தாய்மாமன்.