காய்ந்த புல்லைத் தின்ற குஞ்சுகள்

மூங்கில்காட்டுக் குளத்தின் கரையில் கொண்டைச்சி, செவலை என்று இரண்டு காட்டுக்கோழிகள் இருந்தன. கொண்டைச்சி அக்கா, செவலை தங்கை. இருவரும் ஒரே அடையில் பொரித்தவர்கள்தான். கொண்டைச்சி காலையில் முட்டையை உடைத்து வெளியே வந்தாள், செவலை மத்தியானம் வந்தாள். அந்த அரைநாள் மூப்பைக் கொண்டைச்சி ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரு வருடம் பொல்லாத கோடை வந்தது. மண் இறுகிப்போனது. புழு இல்லை, பூச்சி இல்லை, ஒரு மணி புல்லரிசிகூட இல்லை. காய்ந்த புல் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. அதைக் கோழி தின்ன முடியுமா? இரண்டு தாய்களின் குஞ்சுகளும் பசியிலேயே செத்துப்போயின.

அதற்குப் பிறகு செவலை பழைய செவலையாக இல்லை. "இனிமே என் குஞ்சு ஒண்ணுகூடப் பசியில சாகக் கூடாது அக்கா!" என்பாள். தூக்கத்திலும் அதையே முணுமுணுப்பாள்.

அடுத்த கோடைக்குக் கொஞ்சம் முன்னால், இருவரும் மறுபடி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தபோதுதான் மொட்டைவால் குரங்கு காட்டுக்குத் திரும்பியது. அது எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தின் கூரையில் சில காலம் குடியிருந்தது. போகும்போது குரங்காகப் போனது, வரும்போது விஞ்ஞானியாக வந்தது. கையில் ஓர் ஊசி வேறு!

"கரையான் கட்டையையே தின்னுதே, எப்படின்னு தெரியுமா?" என்று கேட்டது.

"பல்லு கெட்டியா இருக்கும்" என்றாள் கொண்டைச்சி.

"பல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல! அது வயித்துல ஒரு நொதி சுரக்குது. அந்த நொதி நாரை உடைச்சுச் சர்க்கரையாக்கிடும். அதைச் சுரக்க வைக்கிற மரபணுவைக் கரையான்கிட்ட இருந்து எடுத்து உங்க முட்டைக்குள்ள வெச்சுட்டா, பொரியற குஞ்சு காஞ்ச புல்லைத் தின்னே வளரும்!"

"அப்போ கோடையிலயும் சாகாதா அண்ணே?" என்று கேட்டாள் செவலை.

"புல்லு இருக்கிற வரைக்கும் பசின்னா என்னன்னே அதுக்குத் தெரியாது!"

செவலை உடனே அடையை விட்டு எழுந்து வழிவிட்டாள். கொண்டைச்சி கொஞ்சம் தயங்கினாள். பிறகு செத்துப்போன குஞ்சுகளின் முகம் நினைவுக்கு வந்தது. அவளும் எழுந்தாள்.

குரங்கு சொன்னது பொய்யில்லை. பொரித்த குஞ்சுகள் நேராகப் போய்க் காய்ந்த புல்லைக் கொத்தின. அது செரித்தது. மறுபடியும் கோடை வந்தபோது அவை கொழுகொழுவென்று இருந்தன. இரண்டு தாய்களும் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்கள்.

அதன்பின் செவலைக்கு ஒரு வேலையும் இல்லை. குளத்தோரப் புழுதியில் சுகமாகப் புரண்டாள். அவளுடைய குஞ்சுகள் புல்லுக்குள் ஆளுக்கொரு பக்கம் மேய்ந்தன.

கொண்டைச்சிக்குத்தான் காலைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. சருகைக் கிளறுவாள். ஒரு கரையான் கிடைத்தாலும் போதும், "கொக்... கொக்... கொக்!" என்று கூப்பிடுவாள். அவளுடைய குஞ்சுகள் நிறைந்த வயிற்றோடு விழுந்தடித்து ஓடிவரும். கரையானிடம் வாங்கிய வயிற்றுக்குள் கரையானையே தள்ளும்!

செவலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன் அக்கா, வயிறு நிறைஞ்ச பிள்ளைகளை எதுக்கு இப்படிக் கூப்பாடு போட்டுக் கூப்பிடுறே?"

"நம்ம அம்மா ஞாபகமா இருக்குடி" என்றாள் கொண்டைச்சி. "ஒரு புழுவையாவது தான் முழுங்கி நாம பாத்திருக்கோமா? அலகுல எடுக்கும், கீழே போடும், கூப்பிடும். அந்தச் சத்தம் கேட்டா ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து ஓடுவோமே! நீ ஒரு தடவை ஓடுற வேகத்துல குளத்துலயே விழுந்துட்டே!"

செவலை புரளுவதை நிறுத்தினாள். "ஆமாக்கா. அந்தப் புழு எனக்குக் கிடைக்கவே இல்ல. நனைஞ்சு நடுங்கினேன்னு அம்மா இறக்கைக்குள்ள இழுத்துக்கிச்சு. என்ன சூடு அது!"

அந்தக் காலம் திரும்பி வராதா என்று இருவருக்குமே இருந்தது.

"அதெல்லாம் பசிக்காலம் அக்கா. போனது போகட்டும்" என்று சொல்லிவிட்டு செவலை மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

செவலையின் குஞ்சுகளில் புள்ளி என்று ஒருத்தி மட்டும் அடிக்கடி கொண்டைச்சியிடம் ஓடிவருவாள்.

"உனக்கும் பசிக்குதாடி?"

"இல்ல பெரியம்மா. நீங்க கூப்பிட்டா கால் தானா ஓடிவருது!"

ஒரு மத்தியானம் காற்று பலமாக அடித்தது. மூங்கிலோடு மூங்கில் உரசியது. தீப்பொறி பறந்து காய்ந்த புல்லில் விழுந்தது. அவ்வளவுதான், தீ குபுகுபுவென்று பரவியது!

தாய்கள் குளத்தின் ஈரக்கரையில் நின்றார்கள். குஞ்சுகள் எல்லாம் புல்லுக்குள்! புகையில் ஒன்றும் தெரியவில்லை.

"கொக்... கொக்... கொக்!" கொண்டைச்சி தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவளுடைய குஞ்சுகள் சத்தம் வந்த திசையைப் பிடித்து ஓடிவந்தன. கண் தெரியாமலே வந்து சேற்றில் விழுந்தன. ஒன்றும் குறையவில்லை.

செவலையும் கூப்பிட்டாள். குரல் சரியாக எழவில்லை. மறுபடி கத்தினாள். அவளுடைய குஞ்சுகளுக்கு அது அம்மாவின் குரல் என்று தெரியவில்லை. கேட்டுப் பழகியிருந்தால்தானே தெரியும்? அவை புகைக்குள் ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடின.

"வாங்கடா! வாங்கடா என் கண்ணுகளா!"

யாரும் வரவில்லை.

கடைசியில் புகைக்குள்ளிருந்து புள்ளி மட்டும் வந்தாள். பெற்றவளைத் தாண்டி ஓடி, கொண்டைச்சியின் இறக்கைக்குள் புகுந்துகொண்டாள்.

தீ அடங்கியதும் குரங்கு மரத்திலிருந்து இறங்கி வந்தது. அதற்கும் முகம் வாடிப்போயிருந்தது.

"நான் வயித்தை மட்டுந்தான் மாத்தினேன் செவலை. கூப்பிடாதேன்னு நான் சொல்லவே இல்லையே!"

"நீ சொல்லல அண்ணே" என்றாள் செவலை. "பசிதான் இல்லையேன்னு நானாத்தான் விட்டுட்டேன்."

மழை வந்தது. கருகிய மண்ணில் புதுப்புல் முளைத்தது. ஒரு காலை செவலை தயங்கித் தயங்கி மண்ணைக் கிளறினாள். ஒரே ஒரு கரையான் கிடைத்தது. அதை எடுத்தாள், கீழே போட்டாள். உடைந்த குரலில், "கொக்... கொக்..." என்றாள்.

கொண்டைச்சியின் இறக்கைக்குள்ளிருந்து புள்ளி தலையை நீட்டிப் பார்த்தாள். கொண்டைச்சி இறக்கையைத் தூக்கி வழிவிட்டாள்.

"போடி, உன் அம்மா கூப்பிடுறா."

புள்ளி மெல்ல நடந்து போனாள்.

"எனக்குப் பசிக்கலையேம்மா."

"தெரியும் கண்ணு. சும்மாத்தான் கூப்பிட்டேன்."

புள்ளி கரையானைக் கொத்திக்கொண்டாள். பிறகு அங்கேயே, அம்மாவின் இறக்கையை ஒட்டிப் படுத்தாள்.

வயிறு நிறைந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளைகளைப் பாசத்தோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டால், ஆபத்து வரும்போது நம் குரல் அவர்களுக்கு எட்டாது.